ஓடை இடிக்கும் மண்: சராயாமாவின் ஒன்டா உண்கலங்கள் குறித்த மதிப்புரை

ஜப்பானின் கியூஷூ தீவில், ஓய்ட்டா மாகாணத்தைச் சேர்ந்த ஹிட்டா நகரிலிருந்து வடக்கே மலைப்பாதையில் ஏறிச் சென்றால், ஒரு தெருவையும் அதை ஒட்டி ஓடும் ஓடையையும் கொண்ட சராயாமா என்னும் சிற்றூர் வரும். 1705ஆம் ஆண்டு முதல் அங்கே வனையப்பட்டுவரும் மண்பாண்டங்களுக்கு ஒன்டா பாண்டங்கள் என்று பெயர். அருங்காட்சியகங்களில் இவற்றைப் பார்த்தவர்கள் பலர். நகரத்துக் கைவினைக் கடைகளில் இவற்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தவர்களும் பலர். ஒன்டா தட்டும் கிண்ணமும் நாள்தோறும் உணவு பரிமாறப்படும் உண்கலங்களாக எப்படிப் பயன்படுகின்றன, வாங்க விரும்புகிறவர் அவற்றிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பவற்றைச் சொல்வதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டு, ஆழமான கிண்ணம், மூடியுள்ள ஜாடி ஆகியவற்றில் இந்த ஊர்ச் சூளைகளுக்கு நிகராக, இந்த விலையில், வேறொன்றை எளிதில் காட்டிவிட முடியாது என்று நான் கருதுகிறேன். கோப்பைகளைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். இந்தச் சிறப்புக்கு வனைபவரின் கைத்திறன் ஒரு காரணம்தான் என்றாலும், அதற்கு முந்திய காரணம் ஒன்று உண்டு. மண்ணை இடித்துத் தருவது ஓடை நீர் என்பதால், ஓர் ஆண்டில் இவ்வூரில் எத்தனை பாத்திரங்கள் உருவாகலாம், அவை எத்தகையவையாக இருக்கலாம் என்பதைப் பெருமளவில் அந்த நீரே வரையறுக்கிறது. ஆகவே பாத்திரத்துக்கு வருமுன் நீரைப் பற்றிப் பேசியாக வேண்டியிருக்கிறது.

சராயாமாவின் ஓடைக்கரையில் கரவுசு எனப்படும் நீர் உலக்கைகள் வரிசையாக அமைந்துள்ளன. பெரிய மரத்தண்டு ஒன்று ஏற்றத்தைப் போல நடுவில் தாங்கப்பட்டிருக்கும். அதன் ஒரு முனை தொட்டியாகக் குடையப்பட்டிருக்கும், மறுமுனையில் உலக்கை பொருத்தப்பட்டிருக்கும். வாய்க்காலிலிருந்து விழும் நீர் தொட்டியை நிரப்பியதும் அந்த முனை தாழ்ந்து நீரைக் கொட்டிவிடுகிறது. எடை குறைந்ததும் தண்டு திரும்பி, உலக்கை குழியில் கிடக்கும் மண்கட்டிகள்மேல் விழுகிறது. பிறகு தொட்டி மறுபடியும் நிரம்பத் தொடங்குகிறது. இரவும் பகலும் ஆள் துணையின்றி நடக்கும் இந்த இடிப்பின் ஓசையை ஜப்பானியச் சுற்றுச்சூழல் நிறுவனம் 1996ஆம் ஆண்டில் நாட்டின் பாதுகாக்கத்தக்க நூறு ஒலிக்காட்சிகளுள் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது. பயணக் குறிப்புகள் எல்லாம் இந்த ஓசையின் இனிமையைப் புகழ்கின்றன. வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது அதன் வேகத்தை. ஓர் இடிப்புக்கும் அடுத்த இடிப்புக்கும் இடையே தொட்டி நிரம்பும் நேரம் முழுவதும் காத்திருப்பாகவே கழிகிறது. மழை குறைந்த காலத்தில் அந்தக் காத்திருப்பு இன்னும் நீளும்.

மலையிலிருந்து வெட்டி எடுத்து உலர்த்திய மண் பொடியாகி முடிய, நீர்வரத்தைப் பொறுத்து, மூன்று நான்கு வாரங்கள் ஆகும். அந்தப் பொடியைத் தொட்டியில் கரைத்து, சல்லடையில் வடித்து, தெளிய வைத்து, மேல்நீரை நீக்கி, அடியில் தங்கும் சேற்றை உலர்த்திப் பக்குவப்படுத்தினால்தான் சக்கரத்தில் ஏற்றத்தக்க களிமண் கிடைக்கும். வெயில் போதாத பருவத்தில் உலர்த்துவதற்கென்றே தனி அடுப்பு வைத்திருக்கிறார்கள். இரும்புச்சத்து மிகுந்த இந்த மண் சுடும்போது வெகுவாகச் சுருங்கி, கரும்பழுப்பு நிறம் கொள்கிறது. இயந்திரத்தில் அரைத்த மண்ணைப் போல ஒரே சீராக இல்லாமல் இதில் நுண்பொடியும் சிறு பருக்கைகளும் கலந்தே இருக்கின்றன. ஒன்டா தட்டைக் கையில் எடுத்தவுடன் உணரும் ஒருவகை உறுதிக்கும், விரல் நுனியில் படும் மெல்லிய சொரசொரப்புக்கும் இந்தக் கலவையே காரணம்.

ஊரின் வரலாறு சுருக்கமானது. மலைக்கு அப்பால் இன்றைய ஃபுக்குவோக்கா மாகாணத்தில் உள்ள கொய்ஷிவாராவிலிருந்து யானாசே என்னும் குயவர் அழைத்துவரப்பட்டார். குரோக்கி குடும்பம் பொருளுதவி செய்தது. சாக்காமோட்டோ குடும்பம் நிலம் கொடுத்தது. இன்றும் சராயாமாவில் வனைபவர்கள் பெரும்பாலும் இந்தப் பெயர்களைத் தாங்கிய குடும்பத்தினரே. ஏறத்தாழ பத்துக் குடும்பங்கள் இந்தத் தொழிலில் இருக்கின்றன. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பிள்ளை மட்டுமே தொழிலை ஏற்பது வழக்கம். வெளியாட்களைச் சீடர்களாகச் சேர்த்துக்கொள்வதில்லை. குறுகிய மனம் என்று இதை எண்ணிவிடக் கூடாது. ஓடையின் கரையில் இத்தனை உலக்கைகளுக்குத்தான் இடம் இருக்கிறது, அவை இவ்வளவு மண்ணைத்தான் இடிக்க முடியும், அந்த மண் இத்தனை சக்கரங்களுக்குத்தான் போதும் என்ற கணக்கு எந்தச் சட்டத்தையும்விடக் கண்டிப்பானது. மண் வெட்டும் இடமும் ஊருக்குப் பொது.

சக்கரம் காலால் உதைத்துச் சுழற்றும் வகையைச் சேர்ந்தது. மின்சக்கரம் ஒரே வேகத்தில் ஓயாமல் சுழலும். உதைசக்கரமோ வனைபவரின் கால் சொல்லும்போது விரைந்து, கை தயங்கும்போது தணிகிறது. முதல் பார்வையில் கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாடு, ஒரே அளவில் வனைந்த பத்துத் தட்டுகளை அடுக்கிப் பார்க்கும்போது தெரியவரும். விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறத்தாழ பொருந்தும், ஆனால் முற்றிலும் பொருந்தாது. ஆலைத் தட்டுகளின் துல்லியத்துக்குப் பழகியவருக்கு இது முதலில் சற்று உறுத்தலாம். உண்கலம் வாங்குகிறவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. அச்சு மாறாத தொகுப்பு வேண்டுமென்றால் ஒன்டா அவருக்கு உரியது அன்று, ஹிட்டா வரை போய் ஏமாற வேண்டியதில்லை.

பாத்திரத்தின் அடியில் வனைந்தவரின் பெயர் இருக்காது. 1995ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு ஒன்டா வனைதலை முக்கியமான அருவப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தபோதும், அந்தச் சிறப்பு தனி ஒருவருக்கு அளிக்கப்படவில்லை. ஊர்க் குயவர்கள் சேர்ந்து அமைத்த பாதுகாப்புச் சங்கத்துக்கே அளிக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டில் சராயாமாவும் அருகிலுள்ள இக்கேனோட்சுருவின் படிக்கட்டு வயல்களும் முக்கியமான பண்பாட்டு நிலக்காட்சியாக அறிவிக்கப்பட்டன. பெயரற்ற பாத்திரம் என்றால் ஆளுக்கு ஆள் வேறுபாடு இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். வீடு வீடாகப் பார்த்துச் செல்கிறவருக்கு, ஒரு வீட்டின் தட்டு சற்றுக் கனமாக இருப்பதும், இன்னொரு வீட்டின் விளிம்பு மெல்லியதாக வெளியே மடிந்திருப்பதும், மூன்றாவது வீட்டின் பச்சை மெருகு (சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு) அதிக ஆழமாக இருப்பதும் விரைவில் புலப்படும். பெயரைப் பார்த்து வாங்க வழியில்லாததால் தட்டைப் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது. இதை நான் பெரும் நன்மையாகவே மதிக்கிறேன்.

சூளை மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் அடுக்கறைச் சூளை. சில குடும்பங்கள் எட்டு அறைகள் கொண்ட பொதுச் சூளையைப் பகிர்ந்துகொள்கின்றன; மற்றவர்களுக்குச் சொந்தச் சூளைகள் உண்டு. எரிபொருள் விறகு. ஹிட்டா பழங்காலம் முதலே தேவதாரு வகை மரத்துக்குப் பெயர்போன ஊராதலால், மரம் அறுக்கும் பட்டறைகளில் மிஞ்சும் துண்டுகள் சூளைக்கு வந்து சேர்கின்றன. கீழறையில் தொடங்கிய தீ ஒவ்வோர் அறையாக மேலேறி முடியப் பொதுச் சூளையில் இரண்டு நாட்களுக்கு மேல் ஆகும். வெப்பம் 1,250 டிகிரி செல்சியஸை ஒட்டி எழும். ஓர் அறையின் முன்புறம் வைத்த தட்டும் பின்புறம் வைத்த தட்டும் ஒரே மெருகிலிருந்து இரு வேறு நிறங்களோடு வெளிவருவது அன்றாட நிகழ்ச்சி. ஆண்டில் சில முறையே சூளை எரியும் என்பதால், விரும்பிய நிறமும் அளவும் விரும்பிய நாளில் கிடைக்கும் என்று யாரும் உறுதி கூற மாட்டார்கள்.

இனி தட்டுக்கு வருவோம். ஒன்டாவில் அளவு சுன் கணக்கில் சொல்லப்படுகிறது. ஒரு சுன் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர். ஐந்து சுன் தட்டு ஊறுகாய்க்கும் பழத் துண்டுகளுக்கும் ஏற்றது. ஏழு சுன் தட்டு ஒருவருக்கான முதன்மை உணவைத் தாங்கும். எட்டு சுன்னுக்கு மேற்பட்டவை மேசையின் நடுவே வைத்துப் பலர் பகிர்ந்து உண்பதற்கு. எனக்குப் பிடித்தது ஏழு சுன் அளவு. தட்டையாகத் தோன்றினாலும் அதன் உட்புறம் நடுவை நோக்கி மெல்ல இறங்குவதால், வேகவைத்த காய்கறியின் சாறோ சோயா குழம்போ விளிம்பை நோக்கி ஓடாமல் உணவின் அடியிலேயே தங்குகிறது. விளிம்பு சற்றுத் தடித்து வெளியே திரும்பியிருப்பதால், கழுவும்போது ஈரக்கையிலிருந்து நழுவுவதில்லை. நாள்தோறும் எடுத்து வைக்கும் பாத்திரத்தில் முதலில் உடையும் பகுதி விளிம்பே என்பதை அறிந்தவர்கள் வனைந்த வடிவம் இது. கண்ணை ஈர்க்கும் எந்த வளைவும் இதில் இல்லை. மேசையில் வைத்து உணவைப் பரிமாறிய பிறகுதான் அதன் அளவுகள் எவ்வளவு சரியாக அமைந்திருக்கின்றன என்று தெரிகிறது.

தட்டின் உட்புறத்தில் நடுவைச் சுற்றி மெருகு இல்லாத ஒரு வளையம் தெரிந்தால் அதைக் குறை என்று நினைக்கக் கூடாது. சூளையில் இடத்தை வீணாக்காமல் தட்டின்மேல் தட்டை அடுக்கிச் சுடுவதற்காக, மேல்தட்டின் அடிவளையம் அமரும் இடத்தில் மெருகைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள்; இல்லையென்றால் உருகிய மெருகு இரண்டையும் ஒட்டிவிடும். விலை எளிதாக இருப்பதற்கு இந்த வளையமும் ஒரு காரணம். ஒரே விறகில் இருமடங்கு தட்டுகள் சுடப்படுகின்றன. என்றாலும் நடைமுறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: மெருகற்ற மண் எண்ணெயையும் நிறத்தையும் ஈர்க்கும். சோயா, மீன் எண்ணெய் ஆகியவை நாளடைவில் அந்த வளையத்தைக் கருக்க வைக்கும். அந்தக் கருமை எனக்கு இடையூறாகத் தோன்றவில்லை. தோன்றும் என்று நினைப்பவர்கள் வளையம் இல்லாத, அடுக்கின் உச்சியில் வைத்துச் சுட்ட தட்டுகளைத் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

அலங்காரத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் டொபிகன்னாவிலிருந்தே தொடங்குகிறார்கள், அதற்குத் தகுதியும் அதற்கு உண்டு. பாத்திரம் பாதி உலர்ந்த நிலையில் அதன்மேல் வெண்களிக் குழம்பு பூசப்படுகிறது. பிறகு சுழலும் பரப்பில், வளைந்துகொடுக்கும் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றின் முனையைத் தொட வைக்கிறார்கள். பழைய கடிகாரங்களின் சுருள்வில்லிலிருந்து செய்த தகடு இதற்கு மிகவும் ஏற்றதாம். தகடு துள்ளித் துள்ளி வெண்பூச்சைக் கொத்தும்போது, அடியிலுள்ள கருமண் சிறு சிறு கீற்றுகளாக வெளிப்படுகிறது. நடுவிலிருந்து விளிம்பு வரை சுருளாகப் பரவும் அந்த நூற்றுக்கணக்கான கீற்றுகளை வரைய வனைபவருக்குச் சில நொடிகளே ஆகின்றன. வரைவது கை என்பதைவிட, சக்கரத்தின் வேகமும் தகட்டின் துள்ளலும் மண்ணின் ஈரமும் சேர்ந்து வரைகின்றன என்று சொல்வதே பொருத்தம். ஈரம் மிகுந்தால் கீற்று மழுங்கும். காய்ந்துவிட்டால் பூச்சு உதிரும். நல்ல டொபிகன்னாவை அடையாளம் காண, கீற்றுகளின் சீர்மையைப் பார்ப்பதைவிட அவற்றின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆனால் டொபிகன்னாவுக்குக் கிடைத்த புகழ் மற்ற முறைகளை மறைத்துவிட்டது என்பது என் வருத்தம். ஹக்கேமே என்னும் தூரிகை முறையில், வெண்குழம்பு ஈரமாக இருக்கும்போதே சுழலும் தட்டின்மேல் அகலத் தூரிகையைத் தட்டித் தட்டி எடுப்பார்கள்; விசிறி மடிப்புகளைப் போன்ற அலைகள் வட்டமாக விரியும். சீப்பால் கீறுவதும், விரலால் ஒரே இழுப்பில் அலை வரைவதும், பச்சை அல்லது தேன்நிற மெருகைக் குழாயிலிருந்து சொட்டவிட்டு வழிய வைப்பதும், அகப்பையால் மெருகை வீசித் தெளிப்பதும் இவ்வூரின் பழைய வழக்கங்கள். உணவு பரிமாறுவதற்கு ஹக்கேமே தட்டே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. டொபிகன்னாவின் அடர்த்தியான கீற்றுகள் நறுக்கிய வெங்காயத்தாளோடும் மீனின் வரிகளோடும் போட்டியிடுகின்றன. ஹக்கேமேயின் அகன்ற அலைகள் உணவுக்கு இடம் விட்டு ஒதுங்குகின்றன. எந்த அலங்காரமும் இல்லாமல், தேன்நிற மெருகு மட்டும் பூசிய கிண்ணத்தில் வெள்ளைச் சோறும் பச்சைக் கீரையும் தோன்றும் தோற்றத்தைப் பார்த்தவர்கள், கடையில் எல்லோரும் கைநீட்டும் தட்டைத் தாண்டி அடுத்த பலகையையும் பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

இன்றைய தட்டுகளும் கிண்ணங்களும் இந்த ஊரின் பழைய உற்பத்தி அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பாதி நாள் வயலிலும் பாதி நாள் சக்கரத்திலும் உழைத்த குடும்பங்கள் சுற்றுவட்டார உழவர்களுக்கு நீர்ச்சாடி, ஊறுகாய்ச் சாடி, சாராயக் குடுவை, பிசையும் தாழி முதலியவற்றையே பெரும்பாலும் வனைந்தன. ஆற்று மீனின் குடலை உப்பிட்டு வைக்கும் சிறு மூடிச் சாடி இப்பகுதிக்கே உரிய வடிவம். இன்றும் அது கிடைக்கிறது, உப்புக்கும் சர்க்கரைக்கும் அதைவிட நல்ல கலத்தை நான் கண்டதில்லை. மூடி கனமானது, வாய்க்குள் சரியாக அமர்கிறது, ஈரப்பதம் மிகுந்த ஜப்பானியக் கோடையிலும் உப்பு கட்டியாவது குறைகிறது. பெரிய சாடி வனைந்த கைகளே பின்னாளில் சிறு தட்டுக்கு இறங்கின. ஒன்டாவின் சிறு பாத்திரங்களில்கூட ஒரு பெரிய பாத்திரத்தின் தோள்வலிமை தெரிவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த மாற்றம் வந்த வழி தெரிந்ததே. ஜப்பானிய நாட்டுக்கைவினை இயக்கமான மிங்கெய்யைத் தொடங்கி வைத்தவர்களுள் முதன்மையானவரான யானாகி முனேயோஷி 1931ஆம் ஆண்டில் சராயாமாவுக்கு வந்தார். வந்து கண்டதை எழுதினார். ஊரின் பெயர் பரவியது. 1954ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச் இங்கே சில வாரங்கள் தங்கி, ஊர்க்காரர்களோடு சேர்ந்து வனைந்தார். கைப்பிடி வைத்த நீர்க்குடுவை ஒன்டாவில் பரவியதில் அவருக்குப் பங்கு உண்டு. அந்தக் குடுவைகளில் கைப்பிடியின் மேல்முனை உடலிலிருந்து கிளைத்து வருவதைப் போல எழுந்து, கீழ்முனை விரல் அழுத்தத்தோடு உடலில் சேர்கிறது. நிரம்பிய குடுவையைத் தூக்கும்போது மணிக்கட்டில் சுமை விழாமல் உள்ளங்கையில் விழுகிறது. ஊற்றி நிறுத்தும்போது மூக்கில் சொட்டு தங்குவதில்லை. அன்றாடக் கலம் ஒன்றில் இவ்விரண்டும் அமைந்துவிட்டால் போதும்.

புகழ் வந்தபின் நகர வணிகர்கள் வந்தார்கள், தேவை பெருகியது, வயல்வேலை பின்தங்கி வனைதலே முழுநேரத் தொழிலாயிற்று. தாய்ச்சூளை என்று சொல்லத்தக்க கொய்ஷிவாராவில் மின்சக்கரமும் எரிவாயுச் சூளையும் பரவின. சூளைகளின் எண்ணிக்கையும் பன்மடங்கு பெருகியது. அங்கும் டொபிகன்னா உண்டு, நல்ல குயவர்களும் உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இரண்டு ஊர்களின் தட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்டா தட்டில் மண் அதிகமாகத் தெரிகிறது என்பதை மறுக்க முடியாது. விருப்பம் இருந்தாலும் பத்து மடங்கு உற்பத்தி செய்ய முடியாத ஓர் ஊரில், ஒவ்வொரு தட்டும் ஒரு மாத நீரின் உழைப்பைத் தாங்கியிருக்கும்போது, அதை அவசரமாக வனைந்து முடிப்பதில் யாருக்கும் ஆதாயம் இல்லை.

கோப்பைகளைப் பற்றிய தயக்கத்தை விளக்குகிறேன். பச்சைத் தேநீர் பருகும் கைப்பிடியற்ற கோப்பைகளின் சுவர் பீங்கானைவிடத் தடித்தது. கையைச் சுடாது என்பது நன்மை. ஆனால் உதட்டில் படும் விளிம்பு சில துண்டுகளில் அளவுக்கு மீறிப் பருத்திருப்பதால், மென்மையான தேநீரின் சுவை சற்று மந்தமாகிவிடுகிறது. வறுத்த தேயிலைத் தேநீருக்கு இந்தக் குறை பொருந்தாது. அதன் முரட்டு மணத்துக்கு இந்தத் தடிப்பே பொருத்தமாகிறது. காப்பிக் கோப்பைகளில் சில, சந்தை கேட்டதால் வனையப்பட்டவை போலத் தோன்றுகின்றன. அவற்றில் தட்டுகளின் தன்னம்பிக்கையை நான் காணவில்லை. ஆனால் சோற்றுக் கிண்ணங்கள் மறுபடியும் வலுவானவை. இடக்கையில் ஏந்தி உண்ணும் ஜப்பானிய வழக்கத்துக்கு ஏற்ற உயரத்தில் அடிவளையம் அமைந்திருக்கிறது, விரல்களுக்குச் சூடு ஏறுவதில்லை.

பராமரிப்பில் சில ஒழுங்குகள் தேவை. இது உயர்வெப்பத்தில் சுட்ட மண்பாண்டமே ஆயினும் பீங்கானைப் போல முற்றிலும் நீர்புகாதது அன்று. மெருகில் நுண்விரிசல்களும் அடியில் மெருகற்ற மண்ணும் இருக்கும். வாங்கியதும் அரிசி கழுவிய நீரில் இட்டு மெல்லிய தீயில் காய்ச்சி, அந்நீரிலேயே ஆறவிட்டு எடுத்தால், மாச்சத்து நுண்துளைகளை அடைத்துக் கறை படிவதைக் குறைக்கும். எண்ணெய் உணவைப் பரிமாறுமுன் தட்டை ஒரு முறை நீரில் நனைத்துத் துடைப்பதும் பயனுடையது. கழுவியபின் ஈரத்தோடு அடுக்கி அலமாரியில் மூடிவைத்தால் பூஞ்சை நாற்றம் ஏறும். அடிப்புறத்தை மேலாக்கி நன்றாக உலரவிட வேண்டும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தையும் நுண்ணலை அடுப்பையும் தவிர்ப்பது நல்லது. நேரடித் தீயில் ஒருபோதும் வைக்கக் கூடாது. அடிவளையம் சில தட்டுகளில் சொரசொரப்பாக இருக்கும். மெருகிட்ட மர மேசை வைத்திருப்பவர்கள் நுண்மணல் தாளால் அதைத் தேய்த்துக்கொண்டால் மேசையில் கீறல் விழாது. இவற்றையெல்லாம் சுமை என்று நினைப்பவர்களுக்குப் பீங்கானே ஏற்றது.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, நகரங்களில் உள்ள நாட்டுக்கைவினைக் கடைகள் ஒன்டா பாத்திரங்களை வைத்திருக்கின்றன. அங்கே பெரும்பாலும் டொபிகன்னா தட்டுகளே முன்வரிசையில் இருக்கும். சராயாமாவிலோ ஒவ்வொரு வீட்டின் முற்றத்திலும் இன்னும் சுடாத பாத்திரங்கள் பலகைகளில் உலர்ந்துகொண்டிருக்க, பக்கத்திலேயே ஒரு சிறு அறையில் சுட்டவை விற்பனைக்கு அடுக்கப்பட்டிருக்கும். விற்பனையாளர் என்று தனியே யாரும் இல்லை. சக்கரத்தில் அமர்ந்திருப்பவரோ அவருடைய வீட்டாரோ கூப்பிட்டால் எழுந்து வருவார்கள். சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, விளிம்பு முடியும்வரை காத்திருப்பது முறை. யாரும் பொருளைப் புகழ்ந்து விற்க முயல்வதில்லை. கேட்டதற்கு விடை கிடைக்கும். தட்டை எடுத்து விரல் மடிப்பால் மெல்லத் தட்டிப் பார்த்தால், விரிசல் இல்லாதது தெளிவாக ஒலிக்கும். சமதளத்தில் வைத்து ஆடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். ஊருக்குள் ஒன்டா பாண்டங்களுக்கென ஒரு சிறு காட்சியகம் இருக்கிறது. முதலில் அங்கே சென்று பழைய சாடிகளைப் பார்த்துவிட்டு வீடுகளுக்குச் செல்வது நல்லது, கண்ணுக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும்.

விலை, உழைப்பை எண்ணிப் பார்த்தால் வியப்பளிக்கும் அளவுக்கு எளிதானது. சிறு தட்டுகள் ஆயிரம் யென்னை ஒட்டியும், ஏழு சுன் தட்டுகள் சில ஆயிரம் யென்னுக்குள்ளும் கிடைக்கின்றன. பெரிய சாடிகளுக்குத்தான் விலை உயர்கிறது. மண் வெட்டி, இடித்து, வடித்து, வனைந்து, விறகில் சுட்ட ஒரு தட்டு, அலங்கார அலமாரிக்குப் போகாமல் சமையலறைக்குப் போகும் விலையில் நிற்பது தற்செயலானது அன்று. அன்றாடம் பயன்படுத்தத்தக்க விலை என்பது இந்தப் பாத்திரங்களின் தன்மையில் ஒரு பகுதி என்று ஊர் கருதுவதாகவே எனக்குப் படுகிறது.

அடிக்கடி பெய்யும் பெருமழை இந்த ஏற்பாடு முழுவதையும் ஆட்டிப் பார்க்கிறது. 2012ஆம் ஆண்டின் கோடைமழையிலும், 2017ஆம் ஆண்டு ஜூலையில் வடக்குக் கியூஷூவைத் தாக்கிய பேய்மழையிலும் ஓடை பெருக்கெடுத்துப் பல நீர் உலக்கைகள் சேதமடைந்தன, மண்சரிவும் ஏற்பட்டது. உலக்கை நின்றால் மண் இல்லை, மண் இல்லையென்றால் சக்கரம் இல்லை. வேறெங்கிருந்தாவது அரைத்த களிமண்ணை வாங்கி வேலையைத் தொடர்வது எளிய வழியாக இருந்திருக்கும். ஊர் உலக்கைகளைச் செப்பனிட்டு, அந்த ஓடையையே மறுபடியும் நம்பியது. பொருள் கையிருப்பில் இல்லை என்று யாராவது சொன்னால், அதற்குப் பின்னால் இப்படியொரு காரணம் இருக்கக்கூடும் என்பதை வாங்குகிறவர் அறிந்திருப்பது நியாயம்.

செல்ல விரும்புகிறவர்கள் ஃபுக்குவோக்காவின் ஹக்காட்டா நிலையத்திலிருந்து தொடர்வண்டியிலோ விரைவுப் பேருந்திலோ ஹிட்டாவை அடையலாம். அங்கிருந்து சராயாமாவுக்குப் பேருந்துகள் நாளில் சிலவே என்பதால், திரும்பும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். வாடகைக் கார் இருந்தால் கனமான பொதிக்கும் வசதி. அக்டோபர் மாதத்தில் நடக்கும் பாண்டத் திருவிழாவில் தெரு முழுவதும் பாத்திரங்கள் பரப்பப்பட்டு, தெரிவு மிக அதிகமாக இருக்கும், கூட்டமும் அப்படியே. நிதானமாகத் தட்டித் திருப்பிப் பார்த்து வாங்க விரும்புகிறவருக்கு, சூளை பிரித்துச் சில நாட்கள் கழிந்த ஒரு சாதாரண வாரநாளே ஏற்றது. ரொக்கமாக யென் எடுத்துச் செல்லுங்கள். முதல் முறை வாங்குகிறவர் ஏழு சுன் ஹக்கேமே தட்டுகள் இரண்டும், தேன்நிறச் சோற்றுக் கிண்ணம் ஒன்றும், மூடியுள்ள உப்புச்சாடி ஒன்றும் எடுத்துக்கொண்டால் போதும். டொபிகன்னா தட்டை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.